கைதியாக நின்ற அரசர்

வேலூர்க் கோட்டையின் வரலாற்றில் ஆண்ட அரசர்களைவிட அடைபட்டுக் கிடந்த அரசர்களே எனக்கு அதிகமாக நினைவில் நிற்கிறார்கள். 1614-இல் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் இறந்ததும், அவருக்குப் பின் முடிசூட்டப்பட்ட ஸ்ரீரங்கர் அரண்மனைச் சூழ்ச்சியால் குடும்பத்தோடு காவலில் வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகன்களில் ஒருவனை மட்டும் ஒரு சலவைத் தொழிலாளி மறைத்து வெளியே கொண்டுவந்து காப்பாற்றினார் என்று பராதாஸ் என்ற இயேசு சபைக் குரு 1616-இல் எழுதிவைத்திருக்கிறார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தாரை ஆங்கிலேயர் கொண்டுவந்து வைத்ததும் இதே கோட்டையில்தான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815-இல் பிடிபட்டு, பின்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் இங்கே கைதியாகவே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்.

அரசர் பிடிபட்டால் அரசு முடிந்தது என்பதுதான் உலகம் அறிந்த முறை. அகழியும் மதிலும் படையும் அந்த ஒன்று நேராமல் காப்பதற்காகவே ஏற்பட்டவை. கத்தோலிக்கர்களாகிய நாங்கள் அறிக்கையிடுகிற அரசரோ, தாம் அரசர் என்பதைத் தம் வாயால் ஒப்புக்கொண்டதே கைகள் கட்டப்பட்டு ஓர் ஆளுநரின் முன் நின்றபோதுதான். கிறிஸ்து அரசர் பெருவிழாவின் பொருளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதும்போது அதை வேறு எங்கிருந்தும் தொடங்க எனக்குத் தோன்றவில்லை.

யோவான் நற்செய்தியில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறாம் அதிகாரத்தில், ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த பிறகு, மக்கள் தம்மைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்கப் போகிறார்கள் என்று அறிந்த இயேசு, அவர்களை விட்டு விலகித் தனியாக மலைக்குச் சென்றுவிடுகிறார். வயிறு நிறைந்த கூட்டம், தானாகத் திரண்ட ஆதரவு, அற்புதம் செய்பவர் என்ற புகழ்: ஆட்சிக்கு வேறென்ன வேண்டும்? நம் நாட்டில் இதைவிடச் சிறிய கூட்டத்தைப் பார்த்துக் கட்சி தொடங்கியவர்கள் உண்டு. பதினெட்டாம் அதிகாரத்திலோ கூட்டம் எதிராகத் திரும்பிவிட்டது, சீடர்கள் சிதறிவிட்டார்கள், தலைமைச் சீடர் பேதுருவே அவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டார். அந்த நிலையில்தான் உரோமை ஆளுநர் பிலாத்து கேட்கிறான், நீ யூதரின் அரசனா என்று. கூட்டம் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு துரத்தியபோது ஓடியவர், அந்தப் பட்டம் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டாக மாறிய பிறகு அதை மறுக்கவில்லை. தம் ஆட்சி இவ்வுலக ஆட்சி போன்றது அல்ல என்றும், அப்படி இருந்திருந்தால் தாம் காட்டிக்கொடுக்கப்படாதவாறு தம் காவலர்கள் போராடியிருப்பார்கள் என்றும் சொல்கிறார். உண்மைக்குச் சான்று பகரவே பிறந்ததாகவும், அதற்காகவே உலகிற்கு வந்ததாகவும் சொல்கிறார்.

காவலர்கள் போராடியிருப்பார்கள் என்ற அந்த வாதம் எவ்வளவு நேரானது என்பது வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற கட்டளைகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. அவர்கள் வெள்ளைக்காரப் படையினரை வீழ்த்தி, மைசூரின் கொடியை ஏற்றி, உள்ளே அடைபட்டிருந்த திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் அன்றைக்கே எல்லாம் அடக்கப்பட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சிப்பாய்களை நான் குறை சொல்ல வரவில்லை. சிறைப்பட்ட இளவரசருக்காக ஆயுதம் எடுப்பது உலக ஆட்சியின் இயல்பு. இயேசுவும் பிலாத்திடம் அந்த இயல்பை இகழவில்லை. தம் ஆட்சி அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதற்கு, போரிட யாரும் வராததையே சான்றாகக் காட்டுகிறார். தாம் பிடிபட்ட தோட்டத்தில் வாளை உருவிய ஒரே ஒருவரையும் உறையில் போடச் சொல்லிவிட்டுத்தான் அவர் அங்கே வந்து நிற்கிறார்.

அந்தப் புரட்சியில் கிறிஸ்தவர்கள் மறக்கக்கூடாத இன்னொரு பகுதியும் உண்டு. புதிய தலைப்பாகை தங்களைக் கிறிஸ்தவர்களாக்குவதற்கான முதல் படி என்ற அச்சம் சிப்பாய்களிடையே பரவியிருந்தது. கிறிஸ்துவின் பெயரும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியும் ஒன்றாகவே தெரிந்த காலம் இந்த மண்ணில் இருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆகவே, கிறிஸ்து அரசர் என்று வேலூர்த் தெருவில் நாம் முழங்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் அதை எப்படிக் கேட்கிறார் என்று எண்ணிப் பார்ப்பது கோழைத்தனம் ஆகாது. அந்தப் பட்டத்தின் பொருளைச் சரியாகச் சொல்லும் கடமையின் ஒரு பகுதியே அது.

பெருவிழாவின் பிறப்பைப் பார்த்தால் இந்தக் கடமை இன்னும் தெளிவாகும். 1925 டிசம்பர் 11-ஆம் நாள் திருத்தந்தை 11-ஆம் பயஸ் வெளியிட்ட குவாஸ் ப்ரீமாஸ் என்ற சுற்றுமடல், அதாவது திருச்சபை முழுவதற்கும் எழுதிய கடிதம், இந்த விழாவை ஏற்படுத்தியது. 2025 டிசம்பரில் அதற்கு நூறு ஆண்டுகள் நிறைந்தன. விழா ஏற்பட்ட 1925 திருச்சபைக்கு யூபிலி ஆண்டு. திருச்சபையின் முதல் பொதுச்சங்கமாகிய நிசேயா சங்கத்தின் 1600-ஆம் ஆண்டு நிறைவும் அப்போதுதான் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி ஆகிய நான்கு பேரரசுகளும் சரிந்திருந்தன. முடிகள் விழுந்த இடத்தில் தலைவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். அதே 1925-இன் தொடக்கத்தில்தான் இத்தாலியில் முசோலினி சர்வாதிகாரத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். சமயத்தைப் பொதுவாழ்விலிருந்து அகற்றிவிட்டால் அமைதி வரும் என்ற எண்ணம் ஒரு பக்கம், நாடே கடவுள் என்ற வெறி மறுபக்கம். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, கிறிஸ்துவின் அமைதி கிறிஸ்துவின் அரசில்தான் என்று தம் பணிக்காலத்தின் தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தவர் 11-ஆம் பயஸ்.

இதைத் திருத்தந்தையர் இழந்த நாட்டுக்கான ஏக்கம் என்று சொன்னவர்கள் உண்டு. 1870-இல் உரோமை நகரம் இத்தாலியப் படையிடம் வீழ்ந்து திருத்தந்தையின் நாடு பறிபோனது. அதன் பிறகு 1929-இல் இலாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை திருத்தந்தையர் வத்திக்கானை விட்டு வெளியே வராமல், தங்களைக் கைதிகள் என்றே கூறிக்கொண்டார்கள். ஆக, நாட்டை இழந்து அடைபட்டிருந்த ஒருவர்தான் கிறிஸ்துவின் அரசுரிமையைப் பற்றி எழுதினார். எழுதியவரின் மனத்தில் பழைய நாட்களின் நினைவு சிறிதும் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் சுற்றுமடலைப் படித்தால், அது மண்ணைத் திரும்பக் கேட்கவில்லை என்பது தெரியும். விண்ணக அரசை வழங்குகிறவர் மண்ணக அரசுகளைப் பறிப்பதில்லை என்ற பழைய திருக்காட்சி விழாப் பாடலின் அடியை அது எடுத்துக்காட்டுகிறது. இந்த அரசு முதன்மையாக ஆன்மிகமானது, ஆன்மிகக் காரியங்களைச் சார்ந்தது என்று தெளிவாகச் சொல்கிறது.

அரசுரிமை எதனால் வந்தது என்பதற்குச் சுற்றுமடல் இரண்டு காரணங்களைத் தருகிறது, என் பார்வையில் அதன் மையம் இதுதான். முதலாவது இயல்பால் வந்த உரிமை: கடவுளின் மகன் மனிதரானார், இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் ஒரே ஆளில் இணைந்திருப்பதால், படைப்பு முழுவதன் மீதும் உள்ள ஆட்சி அவருடையது. இந்த ஆட்சி வன்முறையால் கைப்பற்றியதோ வேறொருவரிடமிருந்து பெற்றதோ அன்று என்று அலெக்சாந்திரியாவின் புனித சிரில் கூறியது அங்கே எடுத்தாளப்படுகிறது. இரண்டாவது ஈட்டிய உரிமை: பொன்னாலும் வெள்ளியாலும் அன்று, தம் இரத்தத்தால் நம்மை மீட்டதால் நாம் அவருக்கு உரியவர்கள். ஆற்காட்டுப் பகுதியின் பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் காரணத்தைவிட இரண்டாவது காரணம்தான் நெஞ்சில் தைக்கும். இங்கே பாளையக்காரரும் நாயக்கரும் நவாப்பும் கம்பெனியும் நாட்டை ஈட்டியது மற்றவர் இரத்தத்தைச் சிந்தித்தான். தம் இரத்தத்தை மட்டுமே கொடுத்து ஒருவர் குடிமக்களைச் சேர்த்தார் என்பது நம் அரசர் கதைகள் எதிலும் பொருந்தாத செய்தி.

விழாவின் நாள் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, அதாவது புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்திய திருத்தந்தை 6-ஆம் பவுல், அதைப் பொதுக்காலத்தின் கடைசி ஞாயிறுக்கு மாற்றி, அனைத்துலக அரசர் என்ற பெயரையும் கொடுத்தார். நாடுகளின் தலைவர்கள் அவரைப் பொதுவில் போற்றட்டும் என்று பாடிய பழைய பாடலின் அடிகள் நீக்கப்பட்டன. இதைப் பின்வாங்கல் என்று வருந்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் அடுத்த ஞாயிறு தொடங்கும் வேளையில், திருவழிபாட்டு ஆண்டின் இறுதியில், வரலாற்றின் முடிவை நோக்கி நம்மைத் திருப்பி நிறுத்தும் நாளாக அது இன்று இருக்கிறது. அரசுகளிடம் மரியாதை கேட்பதைவிட அரசுகளையும் நம்மையும் ஒரே தீர்ப்பின் முன் நிறுத்துவது பெரிய காரியம். ஆனாலும் பழைய விழாவின் வீரியத்தைக் குறைத்துப் பேசக்கூடாது. அது நிறுவப்பட்ட சில மாதங்களில் மெக்சிகோ நாட்டில் திருச்சபையை ஒடுக்கும் சட்டங்கள் வந்தன; 1927 நவம்பர் 23-ஆம் நாள் மிகுவேல் புரோ என்ற இயேசு சபைக் குரு, துப்பாக்கிகளின் முன் கைகளைச் சிலுவைபோல் விரித்து நின்று, கிறிஸ்து அரசர் வாழ்க என்று சொல்லி உயிர்விட்டார். அவர் கையில் ஆயுதம் இல்லை.

எங்கள் ஊரில் அந்த முழக்கம், அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை ஏந்திச் செல்லும் நற்கருணைப் பவனியின்போது கேட்கும். நவம்பர் மாத மழை விட்டிருந்தால் பவனி தெருவரை வரும்; சிறுமிகள் பூத்தூவ, குடை பிடிக்க, ஒலிபெருக்கியில் ஒருவர் "கிறிஸ்து அரசர்" என்று எழுப்ப, மற்றவர்கள் "வாழ்க!" என்று முடிப்பார்கள். அந்த முழக்கத்தின் ஏற்ற இறக்கம் கட்சி ஊர்வலத்தின் ஏற்ற இறக்கமேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தத் தலைவருக்கு என்று சில நொடி குழப்பமாக இருக்கும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. மக்களுக்குத் தெரிந்த மரியாதையின் வடிவம் அதுதான். திருச்சபை ஆவணங்கள் கற்றவர் சிலரைச் சென்றடையும், விழாக்களோ எல்லாரையும் சென்றடையும் என்று 11-ஆம் பயஸும் எழுதியிருக்கிறார். என் கவலை வேறு. கட்சித் தலைவருக்கு வாழ்க சொல்கிறவர் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறார். அதே குரலில் கிறிஸ்துவுக்கு வாழ்க சொல்லும்போது, அதே எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடுகிறது: நம் அரசர் நம் பக்கம் நிற்பார், நம் ஆட்களை உயர்த்துவார், நம் எதிரிகளுக்குப் பாடம் கற்பிப்பார் என்ற எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பை விவிலியம் மிகத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டிருக்கிறது. மற்ற நாடுகளுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஓர் அரசர் வேண்டும் என்று இஸ்ரயேலர் இறைவாக்கினர் சாமுவேலிடம் கேட்டபோது, அரசர் உங்கள் மகன்களைத் தேரோட்டவும் போரிடவும் எடுத்துக்கொள்வார், மகள்களைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வார், நல்ல வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் எடுத்துத் தம் அலுவலர்க்குக் கொடுப்பார், விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கேட்பார், கடைசியில் நீங்களே அவருக்கு அடிமைகளாவீர்கள் என்று சாமுவேல் எச்சரித்தார். எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்வார் என்றே அந்தப் பகுதி முழுவதும் செல்கிறது. மக்கள் கேட்கவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எருசலேமில் தலைமைக் குருக்கள், சீசரைத் தவிர எங்களுக்கு வேறு அரசர் இல்லை என்று சொல்லும் இடம், அந்தப் பழைய கோரிக்கையின் கடைசி வரி போல எனக்குப் படுகிறது.

திருவழிபாட்டில் இந்தப் பெருவிழாவுக்கு மூன்று ஆண்டுச் சுழற்சியில் மூன்று நற்செய்திகள் உள்ளன. மூன்றிலும் மகிமையான அரியணைக் காட்சி ஒன்றுதான், அதுவும் எதிர்பாராத வழியில் திரும்பிவிடும். இரண்டாம் ஆண்டில் பிலாத்துவின் விசாரணை. மூன்றாம் ஆண்டில், 2025-இல் நாம் கேட்டபடி, லூக்கா கூறும் சிலுவைக் காட்சி: தலைவர்கள், படைவீரர், உடன் தொங்கிய குற்றவாளி என்று மூன்று தரப்பினரும் உன்னையே காப்பாற்றிக்கொள் என்று ஒரே சொல்லால் ஏளனம் செய்கிறார்கள். அரசராக இருந்தால் முதலில் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குக் கேள்விக்கு இடமில்லாத உண்மை. மற்றக் குற்றவாளி ஒருவன் மட்டும், நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவில் கொள்ளும் என்கிறான். இறந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் இறந்துகொண்டிருக்கும் மற்றொருவன் வைத்த விண்ணப்பம் அது. நீ இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய் என்று இயேசு பதில் தருகிறார். தண்டனை பெற்றவர்க்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் பெரும்பாலான நாடுகளில் நாட்டின் தலைவருக்கு உரியது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு அதைக் குடியரசுத் தலைவருக்குத் தருகிறது. கல்வாரியில் இயேசு செலுத்திய ஒரே அரச அதிகாரம் அதுதான். கோப்பு எங்கும் செல்லவில்லை; அன்றைக்கே ஆணை பிறந்தது.

முதலாம் ஆண்டின் நற்செய்தி மத்தேயு 25. இந்த ஆண்டு, 2026 நவம்பர் 22-ஆம் நாள், அதையே வாசிப்போம். மானிட மகன் மாட்சியோடு அரியணையில் அமர்கிறார். எல்லா மக்களினத்தாரும் ஒன்றுகூட்டப்படுகிறார்கள். பசியாக இருந்தேன், தாகமாக இருந்தேன், அன்னியனாக இருந்தேன், ஆடையின்றி இருந்தேன், நோயுற்றிருந்தேன், சிறையில் இருந்தேன் என்று அரசரே சொல்கிறார். பிலாத்துவின் முன் கைதியாக நின்றவர் தீர்ப்பு நாளிலும் அந்த நிலையை மறக்கவில்லை, சிறையில் இருந்தேன் என்று தம்மைப் பற்றியே சொல்கிறார். குடிமக்களின் நிலையை விசாரிக்கும் அரசர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். மாறுவேடத்தில் நகர்சோதனை போனவர்களும் உண்டு. அவர்கள் விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிடுவார்கள். மத்தேயு காட்டும் அரசருக்கு அது வேடம் அன்று.

வேலூரில் வாழ்கிறவர்களுக்கு இந்தப் பகுதியை உவமை என்று தள்ளிவைத்துப் படிக்க வழியே இல்லை. நோயுற்றிருந்தேன், அன்னியனாக இருந்தேன் என்ற இரண்டையும் ஒரே ஆளாகக் காண வேண்டுமானால், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் பத்து நிமிடம் நடந்தால் போதும். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து, விடுதி அறைகளில் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்துக்கொண்டு, மறுநாள் எந்தக் கட்டடத்தின் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கையில் சீட்டோடு கேட்டு நிற்கிறவர்கள் அவர்கள். கடைப்பலகைகள் வங்காள எழுத்துக்கு மாறிவிட்டன. நம் பேச்சு மாறிவிட்டதா என்பது வேறு கேள்வி. ஆட்டோக் கட்டணத்தையும் அறை வாடகையையும் வெளியூர் முகம் பார்த்துச் சொல்லும் வழக்கம் இந்த ஊரில் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், அப்படி முகம் பார்த்து விலை சொல்கிறவர்களில் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறவர்கள் இல்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டேன்.

சிறையில் இருந்தேன் என்பதற்குத் தொரப்பாடி மத்தியச் சிறை இருக்கிறது. தாகமாக இருந்தேன் என்பதற்குப் பாலாறு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டமாக நிலைபெற்றதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு குவளைத் தண்ணீர் கொடுப்பது அறச்செயல் என்று நாம் எளிதாக ஒப்புக்கொள்வோம். ஓர் ஆற்றின் தண்ணீரைக் காப்பதும் அதே கட்டளையின் கீழ் வரும் என்று சொன்னால், அது அரசியல், ஆலயத்தில் பேசாதீர்கள் என்பார்கள். கிறிஸ்துவின் அரசு சமுதாயத்தையும் தழுவியது என்று சுற்றுமடல் வற்புறுத்தியதன் பொருள் எனக்கு இந்த இடத்தில்தான் விளங்குகிறது. சமயச்சார்பற்ற அரசமைப்பைக் கொண்ட நாட்டில், சிறுபான்மையினராக வாழும் நாம், அரசு அலுவலகத்தில் கிறிஸ்துவின் படத்தை மாட்டச் சொல்லிக் கேட்கப் போவதில்லை; கேட்கவும் கூடாது. சமய உரிமை மனித மாண்பில் வேரூன்றியது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்துவிட்டது. கிறிஸ்துவின் ஆட்சி பொதுவாழ்வில் நுழைவது நம் வழியாகத்தான்: கூலி கொடுக்கும் கை, கையெழுத்துப் போடும் கை, ஓட்டுப் போடும் கை ஆகியவற்றின் வழியாக. பெருவிழாத் திருப்பலியின் தொடக்கவுரை அந்த அரசை உண்மை, வாழ்வு, புனிதம், அருள், நீதி, அன்பு, அமைதி ஆகியவற்றின் அரசு என்று வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையில் வெற்றி என்ற சொல் இல்லை.

மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்கு நான் அதிகமாக அழுத்திச் சொல்வது திருமுழுக்குச் சடங்கின் ஒரு சிறு பகுதியை. தண்ணீர் ஊற்றிய பிறகு குரு குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசி, குருவும் இறைவாக்கினரும் அரசருமான கிறிஸ்துவின் உறுப்பாக அந்தக் குழந்தை என்றும் நிலைத்திருக்க வேண்டும் என்று மன்றாடுகிறார். பழைய இஸ்ரயேலில் அரசரைத் திருநிலைப்படுத்தியது எண்ணெய்தான். வட ஆற்காட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் தலித் மக்கள். பண்ணையில் கூலி வேலை பார்த்த, ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க உரிமை மறுக்கப்பட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள். அந்த உச்சிகளில் அரசருக்குரிய தைலம் பூசப்படுகிறது என்பதைச் சடங்கின் ஒரு நிமிடமாகக் கடந்துவிடுகிறோம். பூசிய பிறகும் கோவிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதி நுழைந்திருக்கிறது என்பதை மறைக்க முடியாது. திருச்சபைக்குள் தலித் மக்கள் பாகுபாட்டுக்கு ஆளாவதை ஒப்புக்கொண்டு இந்திய ஆயர் பேரவை 2016-இல் ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. தைலம் பூசப்பட்ட ஒருவரைத் தாழ்த்துகிறவர், கிறிஸ்து அரசர் வாழ்க என்று எவ்வளவு உரக்கச் சொன்னாலும், அவருடைய அரசுரிமையையே மறுக்கிறார் என்று நான் வகுப்பில் சொல்வேன். பெற்றோர் சிலருக்கு அது பிடிப்பதில்லை.

அரசப் பணி என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டு விதமாக விளக்குகிறது. கிறிஸ்துவுக்குப் பணிபுரிவதே கிறிஸ்தவருக்கு ஆட்சி என்பது ஒன்று. குறிப்பாக, ஏழைகளிலும் துன்புறுவோரிலும் அவரைக் கண்டு பணிபுரிவது. இது மேடையில் நன்றாக ஒலிக்கும். மற்றொன்று புனித அம்புரோசின் சொல்லோடு வருகிறது: தன்னைத்தானே ஆளத் தெரிந்தவனே உண்மையில் அரசன், அவன் பாவத்துக்குச் சிறைப்படுவதில்லை. சினத்தையும் பொறாமையையும் நாக்கையும் ஆள்வது அந்த நாட்டின் எல்லைக்குள் வருகிறது. இரண்டில் எது கடினம் என்று கேட்டால், பொதுச்சேவை செய்கிறவர்களாக எனக்குத் தெரிந்த பலரும், என்னையும் சேர்த்து, இரண்டாவதில்தான் தடுமாறுகிறோம் என்பேன்.

மத்தேயு 25-இல் எல்லாரும் எளிதாகக் கடந்துபோகிற ஒரு செய்தி இருக்கிறது. வலப்பக்கத்தில் இருந்தவர்களும், ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம் என்றுதான் கேட்கிறார்கள். அரசருக்குச் செய்கிறோம் என்று தெரியாமலே அவர்கள் செய்திருக்கிறார்கள். இந்த ஊரில் நோயாளிகளைத் தாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கள் ஆலயத்தின் படி ஏறியிராதவர்கள். நோயாளியின் துணைக்கு வந்தவருக்குச் சோறு கட்டித் தருகிற இஸ்லாமியக் குடும்பங்களும், இரத்தம் கொடுக்கக் கூப்பிட்ட நேரத்தில் வந்து நிற்கிற இந்து இளைஞர்களும் உண்டு. கிறிஸ்துவின் ஆட்சி கத்தோலிக்கரை மட்டும் அன்று, மனித குலம் முழுவதையும் தழுவியது என்று முந்தைய திருத்தந்தை 13-ஆம் லியோ எழுதியதை 11-ஆம் பயஸும் எடுத்துக்காட்டுகிறார். அதை நாம் பெரும்பாலும் அவர்களெல்லாம் ஒருநாள் நம்மிடம் வந்து சேர வேண்டும் என்ற பொருளிலேயே படிக்கிறோம். அவர்களில் பலர் அரசருக்கு ஏற்கெனவே பணிசெய்துகொண்டிருக்கிறார்கள், நாம்தான் அவரை அடையாளம் காணாமல் நிற்கிறோம் என்றும் அதைப் படிக்க மத்தேயு இடம் தருகிறார்.

இந்த ஆண்டு பெருவிழாத் திருப்பலிக்கு நம்பிக்கையாளர் மன்றாட்டு எழுதும் முறை எங்கள் அன்பியத்துக்கு, அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுவுக்கு, வந்திருக்கிறது. முதல் கூட்டத்திலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. "ஐயா, அரசர் விழாவில் ஆட்சித் தலைவர்களுக்கான மன்றாட்டைத்தான் பெரிதாக எழுத வேண்டும், அதுதான் முறை" என்றார் எங்களில் மூத்தவர் ஒருவர். திருச்சபைக்காக, பிறகு நாட்டை ஆள்வோருக்காகவும் உலகின் மீட்புக்காகவும், பிறகு துன்புறுவோருக்காக, பிறகு உள்ளூர்ச் சமூகத்துக்காக என்று திருப்பலி நூலின் பொதுப் போதனையே வரிசை தந்திருப்பதால், அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வரிசையை நான் மாற்றப் போவதில்லை. ஆள்வோருக்கான மன்றாட்டில் பாலாற்றையும், துன்புறுவோருக்கான மன்றாட்டில் தொரப்பாடிச் சிறையில் இருப்பவர்களையும், உள்ளூர்ச் சமூகத்துக்கான மன்றாட்டில் விடுதி அறைகளில் தங்கியிருக்கும் வெளிமாநிலத்தாரையும் எழுதித் தரப் போகிறேன். விடுதியில் இருப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள் ஆவார்களா என்று அவர் கேட்கிறார். பங்குத்தந்தையிடம் கேட்டு முடிவு செய்யலாம் என்று அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.